41 நாள் குழந்தை, டைரக்ட் பிலிருபின் 5.8, ஸ்கேனில் "பித்தப்பை தெரிகிறது": பிலியரி அட்ரீசியா இல்லை என்று சொல்லிவிடலாமா?

கேட்பவர்: ஒலியலை

எல்லோருக்கும் வணக்கம். குழந்தைகள் ஸ்கேனில் பழகியவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இது பிலியரி அட்ரீசியாவா (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் நாளம் அழிந்து அடைபடும் நோய்) என்பதுதான் கேள்வி.

41 நாள் பெண் குழந்தை. நிறைமாதப் பிரசவம், பிறந்த எடை 2.9 கிலோ, இப்போது 3.7. தாய்ப்பால் மட்டும்தான். நன்றாகக் குடிக்கிறது, பார்த்தால் நோயாளி என்றே தோன்றாது. மஞ்சள் மட்டும் இறங்கவில்லை. மொத்த பிலிருபின் 9.2, டைரக்ட் (கல்லீரல் பதப்படுத்திய பிறகும் வெளியேறாமல் தேங்கும் வகை) 5.8 மி.கி., ஜிஜிடி (பித்தத் தேக்கத்தில் ஏறும் நொதி) 610. தைராய்டு சரியாக இருக்கிறது. சிறுநீரில் கிருமித் தொற்று இல்லை. மலம் ஒரு நாள் மஞ்சளாகவும் ஒரு நாள் வெளிறியும் போவதாக அம்மா சொல்கிறார்.

மூன்று நாள் முன்பு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இப்படி இருக்கிறது: "கல்லீரல் லேசாகப் பெரிதாகியுள்ளது. பித்தப்பை தெரிகிறது, சுருங்கிய நிலையில் உள்ளது. கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் விரிவடையவில்லை. பொதுப் பித்தநாளம் சரியாகத் தெரியவில்லை. அடைப்புக்கான அறிகுறி இல்லை." பால் குடித்து ஒரு மணி நேரத்துக்குள், வளைந்த கான்வெக்ஸ் ப்ரோபில் எடுத்தது.

அடுத்த திட்டம்: 5 நாள் பீனோபார்பிட்டோன், பிறகு ஹைடா ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு, அது பித்தத்தோடு குடலுக்குப் போகிறதா என்று பார்ப்பது), அதிலும் தெளிவில்லை என்றால் எம்ஆர்சிபி (பித்தநாளத்துக்கான எம்ஆர்ஐ).

எனக்கு மூன்று சந்தேகம். ஸ்கேனைத் திரும்ப எடுத்தால் எதை, எங்கே, எப்படி அளப்பது? ஐந்து நாள் மருந்து கொடுத்து ஹைடாவுக்குக் காத்திருப்பது சரியா? எம்ஆர்சிபி இந்த வயதில் உருப்படியாக ஏதாவது சொல்லுமா?

பதில்: சிறுகதிர் (குழந்தைகள் கதிரியக்கவியல்)

முதலில் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் "நாளங்கள் விரிவடையவில்லை, ஆகவே அடைப்பில்லை" என்ற வரியை மறந்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கல் அடைத்தால் மேலே இருக்கும் நாளம் வீங்கும். அந்தப் பழக்கத்தில் எழுதிய வரி அது. பிலியரி அட்ரீசியாவில் அழற்சியும் நார்த்திசுவும் கல்லீரலுக்கு வெளியே இருக்கும் நாளத்தோடு நிற்பதில்லை, உள்ளே இருப்பவற்றையும் சேர்த்தே சுருக்கிவிடுகின்றன. அதனால் இந்த நோயில் நாளம் விரியவே விரியாது. விரிந்திருந்தால்தான் வேறு நோயைத் தேட வேண்டும், முக்கியமாக கோலிடோக்கல் சிஸ்ட் (பித்தநாளமே பை போல வீங்கும் நோய்). பொதுப் பித்தநாளம் தெரியவில்லை என்பதும் தனியாக எதையும் சொல்லாது. இந்த வயதில் நல்ல குழந்தைக்கே அது 1 மி.மீ. சுமார்தான் இருக்கும், பல நேரம் கண்ணில் படவே படாது.

திரும்ப எடுங்கள், இன்றே. ஆனால் தயாரிப்பு சரியாக இருக்க வேண்டும். 4 மணி நேரம் வெறும் வயிறு. பால் குடித்த பித்தப்பை சுருங்கித்தான் இருக்கும், அதை அளப்பதில் அர்த்தமே இல்லை. சர்க்கரை இறங்கும் என்ற பயம் இருந்தால் டிரிப் போட்டுக்கொள்ளலாம். அழுகையை அடக்க ரப்பர் நிப்பிள் போதும். சர்க்கரைத் தண்ணீரோ பாலோ ஒரு சொட்டுகூட வாயில் விட வேண்டாம், அதற்கே பித்தப்பை அசையக்கூடும். ஜெல்லைச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஜெல் பட்டுக் குழந்தை வீறிட்டால் அடுத்த இருபது நிமிடம் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் முறை) கனவுதான். கடைசியாக எப்போது குடித்தது என்ற நேரத்தை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அது இல்லாத பித்தப்பை அளவை அடுத்தவர் நம்ப முடியாது.

கான்வெக்ஸை ஓரமாக வையுங்கள். 9 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் லீனியர் ப்ரோப் வேண்டும். இங்கே நாம் தேடுவது ஒன்றரை, இரண்டு, நான்கு மில்லிமீட்டர் சமாச்சாரங்கள்.

பித்தப்பைக்கு முன்னால் மண்ணீரலைப் பாருங்கள். ஒன்றா, பல துண்டுகளா? வயிறும் கல்லீரலும் தத்தம் பக்கத்தில் இருக்கின்றனவா? கல்லீரலுக்குப் பின்னால் ஐவிசி (கீழ்ப் பெருஞ்சிரை) ஓடுகிறதா, அல்லது அறுந்து அசைகஸ் (மார்பின் பின்புறச் சிரை) வழியாகப் போகிறதா? போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் சிரை) டியோடினத்துக்கு (சிறுகுடலின் முதல் பகுதி) முன்னால் வருகிறதா? பிலியரி அட்ரீசியா குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு இந்த மண்ணீரல் கோளாறுத் தொகுதி சேர்ந்தே இருக்கும். மஞ்சளோடு இது கிடைத்தால் மீதிக் கேள்விகள் பெரும்பாலும் அங்கேயே முடிந்தன. இரண்டு நிமிட வேலை. ஆனால் எல்லோரும் நேராகப் பித்தப்பைக்குப் பாய்ந்துவிடுவதால் தவறவிடுகிறார்கள்.

பித்தப்பையின் முழு நீளத்தையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து, உள்வெளியை மட்டும் அளங்கள். 15 மி.மீ.க்குக் குறைந்தால் சிறியது. 19 மி.மீ.க்குக் குறைந்து, உட்சுவரின் வெள்ளைக் கோடு விட்டுவிட்டு ஓடி, வெளி விளிம்பும் மேடும் பள்ளமுமாக இருந்தால் மூன்றும் சேர்ந்து வலுவான அறிகுறி. நீளத்தைவிட நான் சுவரைத்தான் அதிகம் நம்புவேன். இயல்பான பித்தப்பைக்கு உள்ளே பென்சிலால் ஒரே இழுப்பில் வரைந்த மாதிரி வழுவழுப்பான வெள்ளைக் கோடு இருக்கும். அட்ரீசியாவில் அது மங்கி, நடுநடுவே அறுந்து, பையே வற்றிய மிளகாய் போலச் சுருண்டு கிடக்கும். "பித்தப்பை தெரிகிறது" என்பதற்கும் "பித்தப்பை இயல்பாக இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரம் இதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், முழுக்க இயல்பான பித்தப்பையுடனும் அட்ரீசியா இருக்கலாம்.

அடுத்தது முக்கோண நாண் அறிகுறி. போர்ட்டா ஹெபாட்டிஸில் (கல்லீரலின் வாசல்) நாளம் இருந்த இடத்தில் ஒரு நார்க்கூம்பு மிஞ்சும். வலது போர்ட்டல் சிரை பிரிந்தவுடன், அதன் முன்சுவரை ஒட்டிய வெள்ளைப் பட்டையின் தடிமனை நீளவாட்டுத் தளத்தில் அளங்கள். 4 மி.மீ.க்கு மேல் என்றால் நேர்மறை. இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தப் பட்டைக்குள்ளேயே கல்லீரல் தமனி ஓடும். அட்ரீசியாவில் தமனி பெரிதாகவும் இருக்கும். கலர் டாப்ளரைத் தட்டி தமனி எது, நார் எது என்று பிரித்துப் பார்க்காமல் அளந்தால் தமனியையும் சேர்த்து 4.5 என்று எழுதிவிடுவோம். போர்ட்டல் சிரைகளைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தாலும் அது நாண் இல்லை. நீர்க்கோர்வையோ பரவலான நார்ப்பெருக்கமோ அப்படிக் காட்டும்.

வலது கல்லீரல் தமனி 1.5 மி.மீ.க்கு மேல், தமனிக்கும் வலது போர்ட்டல் சிரைக்கும் உள்ள விகிதம் 0.45க்கு மேல் என்றால் சந்தேகம் கூடும். இதைக் கலரை அணைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, கருப்பு வெள்ளையில் அளக்க வேண்டும். கலர் ரத்தக்குழாயின் கரையைத் தாண்டி வழியும், 1.3 இருப்பதை 2 என்று காட்டும்.

கடைசியாக கல்லீரல் உறைக்கு அடியில் ரத்த ஓட்டம். லீனியர் ப்ரோபை அழுத்தாமல் வைத்து, வேக அளவுகோலை நொடிக்கு 5 செ.மீ. அளவுக்கு இறக்கி, வால் ஃபில்டரையும் குறைத்து, கெயினைப் புள்ளி தெறிக்கும் வரை ஏற்றி அதிலிருந்து ஒரு படி இறக்குங்கள். இயல்பான கல்லீரலில் கலர் உறைக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடும். அட்ரீசியாவில் தமனியின் சிறு கிளைகள் உறை வரை வந்து தொடும். மூச்சு அசைவில் ஒளிரும் கலரை ஓட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு மூன்று மூச்சுக்கும் அதே இடத்தில் நின்று துடிக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் பால் கொடுக்கச் சொல்லி 45 நிமிடம் கழித்துப் பித்தப்பையை மட்டும் திரும்பப் பாருங்கள். நன்றாகச் சுருங்கினால் ஆறுதல்தான், ஆனால் உத்தரவாதம் இல்லை. சில குழந்தைகளுக்குப் பித்தப்பையும் கீழ் நாளமும் திறந்தே இருக்கும், மேலே கல்லீரல் நாளம் மட்டும் அடைந்திருக்கும். அவர்களுக்கும் சுருங்கும்.

எம்ஆர்சிபி பற்றி: 1 மி.மீ. நாளம், மூச்சைப் பிடிக்கத் தெரியாத நோயாளி. நாளம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் அட்ரீசியாவா, படம்தான் கலைந்ததா என்று சொல்ல முடியாது. அதற்காக மயக்கம் கொடுத்து, தேதிக்காக ஒரு வாரம் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. போர்ட்டாவில் சிஸ்ட் இருந்து, அதன் இணைப்பு புரியவில்லை என்றால் மட்டும் எடுக்கலாம். சிடிக்கு இங்கே வேலையே இல்லை. ஷியர் வேவ் எலாஸ்டோகிராஃபி (கல்லீரலின் விறைப்பை அளப்பது) கையில் இருந்தால் ஒரு எண் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மெஷினுக்கு மெஷின் வரம்பு மாறும், அழுகிற குழந்தையில் எண் எகிறும்.

பதில்: காமாகேமரா (அணு மருத்துவம்)

ஹைடா செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹைடா நல்ல பரிசோதனை, ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு. மருந்து குடலுக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டால் அட்ரீசியா கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லலாம். வரவில்லை என்றால் அட்ரீசியாவாகவும் இருக்கலாம், கடுமையான ஹெபடைட்டிஸ், அலஜில் (பித்தநாளங்கள் குறைவாக இருக்கும் மரபணு நோய்), ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சிரை வழி ஊட்டத்தால் வந்த பித்தத் தேக்கம் எதுவாகவும் இருக்கலாம். "வரவில்லை" என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டு நோயின் பெயரைச் சொல்ல முடியாது.

பீனோபார்பிட்டோன் எதற்கு? கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, ஹெபடைட்டிஸ் குழந்தையிலும் ஹைடா ஊசி மருந்து குடலுக்குப் போகும்படி செய்வதற்கு. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, குறைந்தது 3 முதல் 5 நாள். உங்கள் குழந்தைக்கு 3.7 கிலோ என்றால் வேளைக்கு 9 மி.கி. சுமார். இரண்டு வேளை தவறினாலோ, தூங்கி வழிந்து பால் குறைந்தாலோ பலன் போய்விடும். பீனோபார்பிட்டோன் கொடுக்காமல் செய்த ஹைடாவில் "குடலில் வரவில்லை" என்று எழுதுவது பெற்றோரைப் பயமுறுத்துவதற்கு மட்டும்தான் உதவும்.

கணக்குப் போடுங்கள். 41ஆம் நாள் இன்று. 5 நாள் மருந்து, ஊசி போட்டபின் 24 மணி நேரப் படம், ரிப்போர்ட். 48 ஆகிவிடும். நடுவில் வார விடுமுறை, ஐசோடோப் வராத நாள் என்று ஏதாவது வந்தால் 52. வெளிறிய மலமும் கெட்ட ஸ்கேனும் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பத்து நாளைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். ஸ்கேன் இயல்பாக இருந்து, மலத்தில் நிறமும் இருந்து, மருத்துவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை என்றால், அங்கே ஹைடாவுக்கு இடம் உண்டு. இன்னொன்று: ஹைடா கட்டாயம் எடுப்பார்கள் என்று தெரிந்தால் மருந்தைச் சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாமே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டெல்லாம் வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

எடுப்பதாக இருந்தால் சில விவரம். ஊசி மருந்தில் மெப்ரோஃபெனின் கேளுங்கள், பிலிருபின் ஏறியிருக்கும்போதும் கல்லீரல் அதை நன்றாகப் பிடிக்கும், சிறுநீரில் கசிவு குறைவு. அளவு கிலோவுக்கு 1.8 மெகாபெக்கரல் என்று கணக்கு வந்தாலும், 3.7 கிலோவுக்கு அது 7 கூட வராது. குழந்தை மஞ்சளுக்குக் குறைந்தபட்சம் 37 வரை போகலாம். அதில் சேர்க்கும் கதிரியக்கப் பொருளான டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம், 24 மணி நேரப் படத்தில் போட்டதில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். குறைத்துப் போட்டால் அந்தப் படத்தில் வெறும் பொறிதான் தெரியும்.

அடிக்கடி ஏமாற்றுவது டயப்பர். பித்தம் போக வழியில்லாத குழந்தையில் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். அடிவயிற்றில் தெரியும் ஒளி குடலா, சிறுநீர்ப்பையா, நனைந்த டயப்பரா? 24 மணி நேரப் படத்துக்கு முன் டயப்பரை மாற்றி, தோலைத் துடைத்து, பக்கவாட்டுப் படமும் ஒன்று எடுக்க வேண்டும். நனைந்த டயப்பரைக் குடல் என்று படித்து "வழி திறந்திருக்கிறது" என்று ரிப்போர்ட் போனால், அந்தக் குழந்தையை யாரும் மூன்று வாரத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

5ஆவது நிமிடப் படத்தையும் விடாதீர்கள். கல்லீரல் மருந்தை நன்றாக வாங்கிக்கொண்டு குடலுக்கு மட்டும் விடவில்லை என்றால் அட்ரீசியா பக்கம் சாயும். வாங்கவே தடுமாறி, இதயத்தின் ரத்தத்தில் மருந்து நெடுநேரம் நின்றால் கல்லீரல் செல்லில் கோளாறு. இந்தப் பிரிவு சின்ன வயதில்தான் தெளிவாக இருக்கும். மூன்று மாதத்தில் அட்ரீசியா கல்லீரலும் கெட்டுப்போய்விடும், இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

பதில்: மஞ்சள்விளக்கு (குழந்தைகள் கல்லீரல் நோய் வார்டு)

"ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் வெளிறல்" என்று அம்மா சொன்னதை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். கண்ணால் பாருங்கள். மூன்று டயப்பர் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டும் போன் ஃபிளாஷும் மஞ்சளைக் கூட்டியோ குறைத்தோ காட்டும்.

இந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பிலிருபின் நிறைய இருக்கும். அது மலத்தில் ஊறினால் வெளிறிய மலமும் மேலே மஞ்சளாகத் தெரியும். ஒரு குச்சியால் பிளந்து நடுவில் என்ன நிறம் என்று பாருங்கள். மேலே மஞ்சள், உள்ளே களிமண் என்றால் அது வெளிறிய மலம்தான். வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வெளிர் மஞ்சள், சாம்பல், இளம் பழுப்பு எல்லாமே கணக்கில் சேரும். சிறுநீரும் அப்படித்தான். இந்த வயதுக் குழந்தையின் சிறுநீர் டயப்பரில் கறை விடக்கூடாது. விட்டால் மஞ்சள் டைரக்ட் வகை.

தைவானில் 2004 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு அம்மாவின் கையிலும் மல நிற அட்டை கொடுக்கிறார்கள். அங்கே இந்த நோயைச் சீக்கிரம் பிடிக்க உதவியதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை, அச்சடித்த ஒரு அட்டைதான்.

ஜிஜிடி 610 என்பது சும்மா இல்லை. பித்தத் தேக்கம் இருந்தும் ஜிஜிடி குறைவாகவோ இயல்பாகவோ வந்தால் நாங்கள் பிஎஃப்ஐசி 1, 2 என்ற மரபணு நோய்கள் பக்கம் போவோம். இங்கே அது இல்லை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் ஃபீனோடைப், கேலக்டோசீமியாவுக்கான பரிசோதனை, சிஎம்வி (ஒரு வைரஸ்) எல்லாம் அனுப்புங்கள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நாளில், ஒரே ரத்தத்தில். சிஎம்வி நேர்மறை வந்துவிட்டால் "காரணம் கிடைத்தது" என்று அட்ரீசியாவைக் கைவிடுவது இன்னொரு பழைய தவறு, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

வைட்டமின் கே போட்டாயிற்றா? பித்தம் குடலுக்கு வராவிட்டால் அது உறிஞ்சப்படாது, தாய்ப்பாலிலும் அது குறைவு. நன்றாக இருக்கும் குழந்தை திடீரென மூளையில் ரத்தக் கசிவோடு வருவது இதனால்தான். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் திறனுக்கான பரிசோதனை) பார்த்து, ஊசியாகப் போடுங்கள். வாய் வழி மருந்தை நம்ப வேண்டாம்.

மீண்டும்: ஒலியலை

எல்லோருக்கும் நன்றி. நான்கரை மணி நேரம் வெறும் வயிற்றில் திரும்ப எடுத்தாயிற்று, 14 மெகாஹெர்ட்ஸ் லீனியர். மண்ணீரல் ஒன்றுதான், ஐவிசி சரியாக இருக்கிறது. பித்தப்பை 16 மி.மீ., விளிம்பு நெளிந்திருக்கிறது, உட்சுவர்க் கோடு இரண்டு இடத்தில் காணவில்லை. பால் குடித்து 45 நிமிடம் கழித்தும் அளவு மாறவில்லை. வலது கல்லீரல் தமனி 1.9, வலது போர்ட்டல் சிரை 3.8, விகிதம் 0.5. உறைக்கு அடியில் இரண்டு இடத்தில் ஓட்டம், மூச்சோடு அசையவில்லை. மலம் பிளந்து பார்த்தோம், உள்ளே களிமண் நிறம்.

இடறுவது முக்கோண நாண்தான். தமனியைக் கழித்துவிட்டு அளந்தால் 3.4 வருகிறது. 4க்குக் குறைவு. எதிர்மறை என்று எழுதினால் ரிப்போர்ட் முரணாகத் தெரிகிறது. என்ன எழுதுவது?

பதில்: சிறுகதிர்

3.4 என்று எழுதுங்கள். பக்கத்தில் "எதிர்மறை" என்ற சொல்லைப் போடாதீர்கள். 4 என்பது யாரோ கோடு கிழித்த இடம். காலிப்பரை வெள்ளைப் பட்டையின் வெளி விளிம்பில் வைத்தால் 3.8, உள் விளிம்பில் வைத்தால் 3.2. 3 மி.மீ. என்று எல்லை வைத்தவர்களும் உண்டு. 4 என்பது பரவலான வழக்கம், அவ்வளவுதான். நார்க்கூம்பு சின்னதாகவோ, போர்ட்டாவுக்குக் கொஞ்சம் கீழேயோ இருந்தாலும் எண் குறைவாகத்தான் வரும். வயது குறையக் குறைய இன்னும் மெலிதாக இருக்கும். நாண் இருந்தால் நோய் இருப்பதற்கு வலுவான சான்று. இல்லாததை வைத்து நோயில்லை என்று சொல்ல முடியாது.

மீதி எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. முடிவுரையை இப்படி எழுதுவேன்: "நான்கரை மணி நேரம் வெறும் வயிற்றில் பித்தப்பை 16 மி.மீ., சுவர் ஒழுங்கற்றது, பாலுக்குச் சுருங்கவில்லை. கல்லீரல் தமனி பெரிதாகியுள்ளது, உறைக்கு அடியில் ஓட்டம் உள்ளது. முக்கோணப் பட்டை 3.4 மி.மீ., எல்லைக்கோட்டில். பிலியரி அட்ரீசியா சந்தேகம் வலுவாக உள்ளது, குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் இன்றே காட்டவும்." கடைசி வரி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். "மருத்துவ ரீதியாக ஒப்பிடவும்" என்று முடித்தால் பேப்பர் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

போர்ட்டாவில் சிறு சிஸ்ட் எதுவும் இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சிஸ்டிக் வகை அட்ரீசியாவை கோலிடோக்கல் சிஸ்ட் என்று எடுத்துக்கொண்டு "ஆறு மாதம் கழித்து அறுவை" என்று அனுப்பிவிடுவது உண்டு. உள் நாளங்கள் விரியாமல், சிஸ்டுக்குள் கசடும் இல்லாமல் இருந்தால் அட்ரீசியா என்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பதில்: கசாய்கை (குழந்தைகள் அறுவை சிகிச்சை)

இந்த ஸ்கேனை வைத்தே அனுப்பலாம். ஹைடா வேண்டாம், பீனோபார்பிட்டோனையும் நிறுத்தலாம்.

நாள் எண்ணுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு: மோரியோ கசாய் 1959இல் ஜப்பானில் வெளியிட்ட முறைதான் இன்றும் முதல் சிகிச்சை. போர்ட்டாவில் உள்ள நார்க்கூம்பை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சிறுகுடலை இணைப்பது. கூம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்கள் திறந்திருந்தால்தான் பித்தம் வடியும். அவை நாளாக நாளாக மூடிக்கொண்டே போகும். 60 நாளுக்குள் என்பது எல்லோரும் சொல்லும் கெடு, 45க்குள் இன்னும் நல்லது. 90 தாண்டினால் பலன் நன்றாகக் குறைந்துவிடும். அதற்காக 60 வரை நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசித் தீர்ப்பு அறுவை அறையில் எடுக்கும் கோலஞ்சியோகிராம் (பித்தநாளத்துக்குள் கான்ட்ராஸ்ட் என்ற திரவத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே). சிறு கீறலில் பித்தப்பையை வெளியே எடுக்கிறோம். பித்தப்பை வெறும் நார்க்கயிறாக, உள்ளே இடமே இல்லாமல் இருந்தால் படமே தேவையில்லை. உள்ளே இடம் இருந்தால் முதலில் என்ன வருகிறது என்று பார்ப்போம். பச்சையாகப் பித்தம் வந்தால் நிம்மதி, தெளிந்த சளி போல வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். மெல்லிய கதீட்டர் போட்டு, நீர்த்த கான்ட்ராஸ்ட் சில மில்லி, மெதுவாக, சி-ஆர்ம் திரையைப் பார்த்துக்கொண்டே.

தவறு நடப்பது இங்கே: கான்ட்ராஸ்ட் கீழே டியோடினத்துக்குச் சட்டென்று இறங்கிவிடும், மேலே கல்லீரல் நாளம் தெரியாது. உடனே அட்ரீசியா என்று முடிவு கட்டக்கூடாது. கீழே வழி சுலபமாக இருப்பதால் மேலே ஏற அழுத்தம் இல்லாமல் இருக்கலாம். பொதுப் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைச் சிறு புல்டாக் கிளாம்ப்பால் மெல்ல அடைத்துவிட்டு மறுபடி தள்ள வேண்டும். அப்போது மெல்லிய மரக்கிளை மாதிரி உள் நாளங்கள் தெரிந்தால் அட்ரீசியா இல்லை, பயாப்ஸி எடுத்துக்கொண்டு மூடிவிடுவோம். அடைத்தும் ஏறவில்லை என்றால்தான் கசாய்.

அதற்கு முன் ஒலியலை ஒன்று செய்து வையுங்கள்: முதுகெலும்பு நேர் எக்ஸ்ரே, இதய எக்கோ. அலஜில் நோயிலும் பித்தப்பை சிறியதாக இருக்கும், மலம் வெளிறும், ஜிஜிடி ஏறும், நாளம் நூல் போல மெலிந்திருப்பதால் கோலஞ்சியோகிராமில் மேலே கான்ட்ராஸ்ட் ஏறவும் ஏறாது. அப்படிப்பட்ட குழந்தைக்குக் கசாய் செய்தால் நன்மை இல்லை, கெடுதல்தான். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு உடல் ஒன்று நடுவில் பிளந்து பட்டாம்பூச்சி இறகு போல விரிந்திருக்கிறதா, எக்கோவில் நுரையீரல் தமனிக் கிளைகள் குறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கண் மருத்துவர் பிளவு விளக்கில் கருவிழி விளிம்பைப் பார்த்தால் இன்னும் நல்லது. இவை எல்லாம் ஒரே பகலில் முடியும்.

பயாப்ஸி பற்றி ஒரு வரி: அனுபவமுள்ள நோயியல் நிபுணர் இருந்தால் மிக நல்ல பரிசோதனை. ஆனால் 6 வாரத்துக்கு முன் எடுத்தால் நாளப் பெருக்கம் இன்னும் தெளிவாக வராமல் ஹெபடைட்டிஸ் என்றே படிக்க நேரலாம். இந்தக் குழந்தை சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. பயாப்ஸி "ஹெபடைட்டிஸ்" என்று வந்து மலம் களிமண்ணாகவே இருந்தால் பயாப்ஸியை ஓரம் வைத்துவிட்டு கோலஞ்சியோகிராம் எடுப்பேன்.

பதில்: காமாகேமரா

கசாய்கை சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பீனோபார்பிட்டோன் இரண்டு மூன்று வேளைதான் போயிருக்கும் என்றால் தாராளமாக நிறுத்தலாம். ஆனால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கொடுத்த விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், கடைசி வேளை எப்போது என்பதையும் சேர்த்து. இந்த வயதில் அது உடம்பில் நாள் கணக்கில் நிற்கும்.

மீண்டும்: ஒலியலை

நேற்றிரவுதான் ஆரம்பித்திருக்கிறார்கள், இரண்டு வேளை போயிருக்கிறது. நிறுத்தியாயிற்று. வைட்டமின் கே ஊசி போட்டாயிற்று, ஐஎன்ஆர் நாளைக் காலை திரும்பப் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு எல்லாம் சதுரமாக, முழுசாக இருக்கின்றன. எக்கோ மதியம். ரிப்போர்ட்டைச் சிறுகதிர் எழுதிய வடிவத்திலேயே கொடுத்துவிட்டேன், 3.4 என்ற எண்ணுடன்.